ஆறுமுகம் அண்ணன் எதனால் இறந்தார்

காலை ஏழரை மணிக்குச் செய்தி வந்தது. இரவுப் பணி முடித்துக் கிளம்பிய தாதியிடமிருந்து வார்டைப் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. கடலுக்கு அக்கரைப் பத்து காவான் ஊரிலிருந்து ஆறுமுகம் அண்ணன் மனைவி லெட்சுமி பேசினார்.

"மிஸ்ஸி, அவரு விடியக்காலம் போயிட்டாரு."

அவர் குரல் உடையவில்லை. "கஷ்டப்படல. முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு. என்னையும் மகளையும் பாத்தாரு. வார்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க. என்ன நோவுன்னும் சேத்துச் சொல்லிடுங்க. மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் எங்கள் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் பல வருடம் அட்டெண்டனாக வேலை செய்த ஆறுமுகம் அண்ணன், கல்லீரல் கெட்டு இறந்தார். மஞ்சள் காமாலைக் கிருமி அவர் இரத்தத்தில் இருந்தது. இருபது வயதுகளில் ஹெராயின் போட்டுக்கொண்ட நாட்களில், நாலைந்து பேர் ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டதில் வந்தது அது. ஹெராயினை அவர் விட்டுப் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரை வெள்ளைச் சட்டையில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அவரோடு பத்து நிமிடம் பேசியவர்களுக்கு இருக்காது. அவரே சொல்லியிருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது நோயாளியாக. எழுபதுகளின் நடுப்பகுதி. பயிற்சி முடித்து நான் வார்டில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. துறைமுகத்தில் தொங்கான் என்னும் சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் வேலை செய்த ஆள், வயது இருபத்தேழு, இறங்காத காய்ச்சல் என்று கொண்டுவந்து கிடத்தினார்கள். இரண்டு கைகளிலும் முழங்கைக்கு உள்பக்கம் கறுத்துத் தடித்திருந்தது. இளம் டாக்டர் ஒருவர் மருந்தேற்ற நரம்பு தேடினார். வலது கையில் குத்திப் பார்த்தார், இடது கையில் பார்த்தார், மணிக்கட்டில் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தவர் தலையைத் தூக்கி, மலாயில் நிதானமாகச் சொன்னார்: "இடது கால், டாக்டர். பெருவிரலுக்கு மேலே. அங்கே ஒன்று மிச்சம் வைத்திருக்கிறேன்." இருந்தது.

எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அன்று மதியம் அவர் உடல் வெடவெடத்தது. பாதி காய்ச்சலால், பாதி ஹெராயின் கிடைக்காததால். போர்வை கேட்டார். "எல்லாம் நீங்களே தேடிக்கொண்டதுதானே," என்றேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். ஒழுங்கு, படிப்பு, வேலை என்று வளர்ந்தவள் நான். இப்படிப்பட்டவர்கள் வேறு உலகத்து ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா மிஸ்ஸி, நானாத் தேடிக்கிட்டதுதான்," என்றார் அவர். "ஆனா குளுருது."

போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன்.

ஊசி வழியே போன அழுக்கு அவருடைய இதய வால்வில் கிருமியாகக் கூடு கட்டியிருந்தது. ஆறு வாரம் பென்சிலின் ஏற்றினோம். உயிர் பிழைத்தார். வெளியே போன மூன்றாம் மாதம், கையில் சீழ்க்கட்டியோடு திரும்பி வந்தார். அதையும் அறுத்துக் கட்டி அனுப்பினோம். இனி இவர் பிணமாகத்தான் வருவார் என்று நான் சக தாதியிடம் சொன்னது நினைவிருக்கிறது.

மூன்றாம் முறை அவர் நடந்து வந்தார். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. வெளிநோயாளிகள் பகுதியில் என்னைப் பார்த்து, "மிஸ்ஸி, ஒண்ணும் போடாம நாலு நாளு ஆச்சு. துறைமுக ஜெட்டிப் பக்கம் போனா போட்டுடுவேன். இன்னிக்கு ஒரு நாளு இந்தப் பெஞ்சில உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார். ஒரு மாதம் வந்தார். சும்மா உட்கார முடியாமல் நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார். எங்கள் பெரிய டாக்டர் அதைப் பல நாள் பார்த்துவிட்டு, நாள் சம்பளத்துக்கு அட்டெண்டன் வேலை வாங்கிக் கொடுத்தார்.

அவரை எங்கள் வார்டில் போட்டபோது நான் எதிர்த்தேன். வலி மருந்து இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இப்படி ஒருவரை விடக் கூடாது என்று தலைமைத் தாதியான மேட்ரனிடம் சொன்னேன். ஆறுமுகம் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பியதும் முகத்துக்கு நேரே நின்றார்.

"நீங்க சொன்னது கரெக்ட்லா மிஸ்ஸி," என்றார். "சாவிய என்கிட்ட எப்பவும் குடுக்காதீங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

அந்த ஒழுங்கை அவர் கடைசி வரை விடவில்லை. மருந்து அறைக்குள் தனியாகக் காலெடுத்து வைக்கமாட்டார். வாசலில் நின்று யாரையாவது கூப்பிடுவார். பத்து வருடம் கழித்து, வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகள் மோசமான ஒரு நாளில், அவசரத்தில் சாவிக்கொத்தை அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேற ஆளப் பாருங்க மிஸ்ஸி, நான் இங்க ஆக்ஸிஜன் புடிக்கிறேன்," என்றார். அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. நொண்டிக் காலை உடையவன் மாடிப்படியைப் பார்ப்பது போலத் தன் பலவீனத்தைப் பார்த்தார்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை வெளியே சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தம்பி ஹெராயினுக்கு அடிமையானான். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா, நல்ல ஆங்கிலம், நல்ல சட்டை. சாப்பாட்டு மேசையில் கண் சொக்கி விழுவான். வேலைக் களைப்பு என்பான். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவான். தினமும் இப்படிப்பட்ட கைகளைப் பார்க்கும் தாதியான நான், என் வீட்டில் பார்க்க மறுத்தேன். அப்பா ஒரு நாள் அந்தச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்த்தார். பிறகு ஊருக்குத் தெரியக்கூடாது என்பது ஒன்றே எங்கள் கவலையாகிவிட்டது. கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போயிருக்கிறான் என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டு, தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவரின் டுரியான் பழத் தோட்டத்தில் ஆறு மாதம் வைத்தோம். உடம்பு தேறியது. முகம் தெளிந்தது. சுகமாகிவிட்டான் என்று நம்பினோம்.

அவன் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், கேண்டீனில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியாமல் ஆறுமுகம் அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"எத்தன மாசம் ஒண்ணும் எடுக்கல?"

"ஆறு மாதம், அண்ணே."

"வீட்டுல யாராச்சும் அவருகிட்ட அளவப் பத்திப் பேசினீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்துவிட்டார். "நாளைக்கு நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வரேன். அப்பாகிட்ட சொல்லி வைங்க."

தண்ணீர்மலைப் பக்கம் இருந்தது எங்கள் வீடு. சொன்ன நேரத்துக்கு, தேய்த்த சட்டையோடு வந்தார். அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் கூடத்தில் இருந்தோம். அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரல. நானும் போட்டவன்தான். ஒரு விசயம் மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன். ஆறு மாசத்துல உங்க உடம்பு அந்தச் சாமான மறந்துடுச்சு. மனசு மறக்கல. மனசு பழைய அளவத்தான் கேக்கும். அந்த அளவ இப்ப போட்டா மூச்சு நின்னுடும். விடாமப் போடுறவன விட, விட்டுட்டு ஒரு தடவ போடுறவன்தான் சட்டுனு சாவுறான்."

அப்பா எழுந்தார். "என்ர பிள்ளை திரும்பவும் அதுக்குப் போவான் எண்டு சொல்லவோ வந்தனீர்?"

"போகக் கூடாதுன்னுதான் ஐயா நானும் சாமிய வேண்டிக்கிறேன்," என்றார் ஆறுமுகம் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. "ஆனா நான் மூணு தடவ விட்டவன். போயிட்டா உயிரு மிஞ்சணும் இல்லையா? இந்த வீட்டுல எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் வேணாம். பாத்ரூமுக்கும் வேணாம். அவரு தூங்கும்போது குறட்டைச் சத்தம் வித்தியாசமா கேட்டா, தூங்குறாருன்னு விட்டுடாதீங்க. தட்டி எழுப்புங்க. எழும்பலேன்னா வாயில தண்ணி ஊத்தாதீங்க. மூச்சு வருதான்னு பாருங்க. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வரலேன்னா ஊதுங்க. மிஸ்ஸிக்குத் தெரியும். கௌரவம் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க."

அம்மா அழுதார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுமுகம் அண்ணன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து, படுக்கையறைத் தாழ்ப்பாளையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினார். அந்த மனிதர் சொன்னதை நம்பியா, கோபத்திலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

தம்பி வீட்டுக்கு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். தம்பி வரவில்லை. குளியலறையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்தது. அம்மா கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்தச் சத்தம் ஒரு முறை வந்தது. அடுத்தது வரவில்லை. நான் எண்ணிக்கொண்டே அவனை வெளியே இழுத்துப் போட்டேன். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினேன். அப்பா செருப்பில்லாமல் பக்கத்து வீட்டுச் சீனரிடம் ஓடினார். அவர் தன் மோட்டார் காடியை எடுத்தார். மருத்துவமனை போய்ச் சேரும் வரை பின்சீட்டில் முழங்காலிட்டு ஊதிக்கொண்டே இருந்தேன்.

ஹெராயினை முறிக்கும் மருந்து போட்டதும் தம்பி எழுந்து உட்கார்ந்தான். எழுந்தவன் கோபமாக இருந்தான். வீட்டுக்குப் போகிறேன் என்று கட்டிலிலிருந்து இறங்கினான். அன்று ஆறுமுகம் அண்ணனுக்குப் பணி. தகவல் கேட்டு எங்கள் வார்டிலிருந்து ஓடி வந்திருந்தார். தம்பியின் தோளை இரண்டு கையாலும் பிடித்து உட்காரவைத்தார்.

"கொஞ்ச நேரத்துல இந்த மருந்து கலைஞ்சிடும் தம்பி. சாமான் இன்னும் உடம்புலதான் இருக்கு. இப்ப எந்திரிச்சுப் போனா பஸ் ஸ்டாப்புல விழுவீங்க. என்னைத் திட்டிக்கிட்டே படுங்க. நான் இங்கேதான் இருப்பேன்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் தம்பியின் மூச்சு மறுபடி அடங்கியது. இரண்டாவது தடவை மருந்து போட வேண்டியிருந்தது. நாங்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால் காடியிலேயே முடிந்திருக்கும்.

சாயங்காலம் நிலைமை சீரானபின், வெளித் தாழ்வாரத்தில் அவரிடம் கேட்டேன். "இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

முனியாண்டி என்று ஒரு நண்பரைப் பற்றிச் சொன்னார். ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். முனியாண்டி எட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துறைமுகக் கிடங்கின் பின்பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய அளவைப் போட்டிருக்கிறார்கள். முனியாண்டி சாய்ந்து குறட்டை விட்டாராம். "நல்லாத் தூங்குறான்டான்னு சிரிச்சோம் மிஸ்ஸி. அப்புறம் சத்தம் நின்னுச்சு. போலீசு வரும்னு பயந்து நாலு பேரும் ஓடிட்டோம். ஒருத்தன் நின்னிருந்தா போதும்." பிறகு, "ஓடுனவன் எல்லாம் கெட்டவன் இல்ல. ஒருத்தனுக்கும் என்ன செய்யணும்னு தெரியாது. அதான் தெரிஞ்சத எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன்," என்றார்.

அடுத்த வாரம் அப்பா அவரை வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னார். தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருந்து சாப்பிட்டுப் போம்," என்றார். என் அப்பாவை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும். தம்பி அதற்குப் பிறகும் ஒரு முறை தவறினான். ஆனால் தனியாகப் போடவில்லை, மறைக்கவும் இல்லை. மறுநாளே ஆறுமுகம் அண்ணனைத் தேடிப் போனான். அதுதான் கடைசி.

அதன்பின் பல வருடம், மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு கோயில் மண்டபத்தில் அவர் பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசுவார். மேடை, மைக் எதுவும் கிடையாது. குறட்டைச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். தூக்க மாத்திரையும் சாராயமும் ஹெராயினோடு சேர்ந்தால் மூச்சு இன்னும் வேகமாக அடங்கும் என்பார். "எங்க புள்ளைக்குக் காய்ச்சல்" என்று யாராவது ஆரம்பித்தால், "காய்ச்சல்னே வைச்சுக்குவோம். தாழ்ப்பாளக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்பார். அவர் பேச்சில் மிரட்டல் இருக்காது. ஆகவே ஆட்கள் திரும்ப வந்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குச் சோர்வு வந்தது, கால் வீங்கியது. இரத்தத்தைச் சோதித்தபோது கிருமி தெரிந்தது. கல்லீரல் ஏற்கெனவே கல்லாகிக்கொண்டிருந்தது. முடிவை நான்தான் அவரிடம் வாசித்தேன். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "லெட்சுமிக்கும் மகளுக்கும் டெஸ்ட் எடுக்கணும் மிஸ்ஸி," என்றார். எடுத்தோம். இருவருக்கும் இல்லை என்று வந்த அன்று, நான் அறிந்த அத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நோயாளி ஒருவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த மண்டபக் கூட்டத்தில் அதையும் சொல்லிவிட்டார். ஒரு லாரி டிரைவர், தானும் விட முயன்றுகொண்டிருந்தவர், கசப்போடு கேட்டார்: "விட்டும் இதேதான் கதின்னா, எதுக்குண்ணே விடணும்?"

ஆறுமுகம் அண்ணன் சிரித்தார். "நான் இருபத்தேழுல சாக வேண்டியவன் தம்பி. டாக்டர் எனக்கு நரம்பு தேடின அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் கல்யாணம் கட்டினேன். மக பொறந்தா. அவள தோள்ல வெச்சுக்கிட்டு தைப்பூசத்துக்கு மலையேறினேன். எத்தனையோ பேர தள்ளுவண்டியில வெச்சு வீட்டு வாசல் வரைக்கும் அனுப்பினேன். ஊசி என்னைப் புடிச்சிடுச்சு, சரி. ஆனா அது வந்து சேர இவ்வளவு நாளு ஆயிருக்கு பாரு. நீ போயி முதல்ல ரத்த டெஸ்ட் எடு." அந்த லாரி டிரைவர் மறுநாள் வந்து எடுத்தார்.

வேலையை விட்டபின் அவர் பத்து காவானில் லெட்சுமியின் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார். போன மாதம் போய்ப் பார்த்தேன். கண் மஞ்சள், வயிறு நீர் கோத்து உயர்ந்திருந்தது. உப்பில்லாத சோறு. குறை சொன்னது அந்தச் சோற்றை மட்டும்தான். பேச்சுக்கு நடுவில், "மிஸ்ஸி, நான் போனதும் 'உடம்பு சரியில்லாம இருந்தாரு'ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. விடாதீங்க. அப்படிச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிடும்," என்றார். நான் வாக்குக் கொடுத்தேன்.

இறுதிச் சடங்குக்கு எங்கள் வார்டிலிருந்து பலர் போனோம். பினாங்குக் கடல் பாலத்தைத் தாண்டிக் காடியை ஓட்டியது என் தம்பி. பாடையின் ஒரு பக்கத்தைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். என் அப்பா இன்று இல்லை. இருந்திருந்தால் வந்திருப்பார்.

அவரை அறிந்த நண்பர்களே, ஆறுமுகம் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய பொறுமை எனக்கு வராது. அவருக்கிருந்த துணிவும் இல்லை. ஆனால் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை, மானம் போகும் என்று விழுங்கிக்கொள்ளக் கூடாது என்பதை அவரிடம்தான் கற்றேன். கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

இதை எழுத உட்காருமுன் தம்பியைக் கூப்பிட்டு, உன்னைப் பற்றி எழுதலாமா, பெயரில்லாமல் எழுதுகிறேன் என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "பேரைப் போட்டே எழுதுங்கோ, அக்கா," என்றான்.

அவன் பெயர் சிவநேசன். உயிரோடு இருக்கிறான்.